அங்கீகரிக்கப்பட்ட நிழல்

அந்த நகரத்தில் வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது. மற்ற ஊர்களில் வெயில் வரும், போகும். இங்கே வந்த வெயில் இடம் பிடித்துப்போய்க் குடியேறிவிட்டது. ஆகவே மக்கள் வெளியே வந்து கொஞ்ச நேரம் நிம்மதியாக உட்கார வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் 'திறந்தவெளி ஓய்வு மற்றும் பூங்கா மேம்பாட்டு ஆணையம்' என்று ஒன்றை அமைத்தார்கள். அன்று முதல் மக்கள் வெளியே வந்தார்கள். உட்கார்வதுதான் சிரமமாகிவிட்டது.

ஆணையத்தின் தலையாய சாதனை, பூங்காவில் இருக்கும் நிழல் பகுதி. பூங்காவில் பெரிய மரம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்று, ஒரு தூங்குமூஞ்சி மரம். ஆணையம் பிறப்பதற்கு முன்பே அது அங்கே நின்றுகொண்டிருந்ததால் மரத்தைச் சாதனையில் சேர்க்க முடியவில்லை. நிழலைச் சேர்த்துக்கொண்டார்கள். திறப்பு விழா அன்று முற்பகலில் இயக்குநர் வந்து இறங்கினார். அவர் முன்னிலையில் பெயின்டர் ஒருவர், தரையில் நிழல் விழுந்திருந்த இடத்தைச் சுற்றி வளைத்து வெள்ளைக் கோடு போட்டார். கோட்டுக்குள் ஒரு சிமென்ட் பெஞ்சை நட்டார்கள். 'நிழல் பகுதி' என்று பலகை வைத்தார்கள். இயக்குநர் பேசினார்.

"வெயில் இயற்கை கொடுத்தது. அதற்கு ஆணையம் பொறுப்பல்ல. நிழல் ஆணையம் கொடுத்தது. இதுவரை நிழல் எங்கே இருக்கிறது என்று மக்கள் தேடி அலைந்தார்கள். இனி அலைய வேண்டாம். இங்கேதான் இருக்கும்."

எல்லோரும் கை தட்டினார்கள். இந்த ஏற்பாடு சூரியனுக்கு மட்டும் தெரிவிக்கப்படவில்லை.

சாப்பாட்டு நேரத்துக்குள் நிழல் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. அதற்காக ஆணையத்தைக் குறை சொல்ல முடியாது. தினமும் முற்பகலில் சற்று நேரம் நிழல் தானாகவே வந்து, கோட்டுக்குள் கச்சிதமாக நின்று, ஆஜர் கொடுத்துவிட்டுத்தான் போகிறது. அந்த நேரத்தில் ஊரே வேலையில் இருக்கும். ஆணையத்தின் புகைப்படக்காரர் மட்டும் வந்து படம் எடுத்துக்கொண்டு போவார். மாலையில் மக்கள் வரும்போது பெஞ்சு அடுப்புக்கல் மாதிரி காய்ந்திருக்கும். நிழலோ பூங்காவின் மறுகோடியில், ஆணையத்தின் அலுவலகப் பக்கமாகக் காலை நீட்டிப் படுத்திருக்கும்.

இப்படிப்பட்ட பூங்காவுக்குத்தான், கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்ட மனைவியைத் திரும்பக் கூட்டிப்போக, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் வந்து சேர்ந்தான்.

அவன் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். ஒரே குத்தில் எடுத்துவிடுவாள் என்று பெயர் வாங்கியவள். கல்யாணத்துக்கு முன்பு அவன் அங்கே பரிசோதனைக்குப் போய், ஊசியைப் பார்த்த மாத்திரத்தில் மயங்கி அவள் காலடியில் விழுந்தான். அதை அவன் இன்றுவரை காதல் என்கிறான். அவள் இன்றுவரை குறைந்த ரத்த அழுத்தம் என்கிறாள். மற்றபடி ஒத்துப்போன தம்பதிதான்.

ஒத்துப்போகாதது போன் ஒன்றுதான். ஊரில் எங்காவது ஒரு லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுகொண்டே இருக்கும். போன் அடிக்கும். அவன் எழுவான். சாப்பாட்டில் பாதியில் எழுவான், சினிமாவில் பாதியில் எழுவான். ஒரு துக்க வீட்டில், அழுதுகொண்டிருந்த பெரியப்பாவின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தபோதே எழுந்து போனான். பெரியப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. அழுகையும் நின்றுவிட்டது.

கடைசியில் ஒரு நாள் மாலை, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் ஆரம்பித்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லணும்னு இருக்கேன். சிரிக்கக் கூடாது." அவன் சிரிக்கமாட்டேன் என்று தலையாட்டினான். போன் அடித்தது. அவன் திரும்பி வந்தபோது அவன் நாற்காலி இருந்தது, அவள் நாற்காலி இருந்தது, அவள் அம்மா வீட்டில் இருந்தாள்.

"மீதிய இப்பச் சொல்லு, போன்லயே கேட்டுக்கறேன்," என்றான் அவன், அன்றே கூப்பிட்டு.

"போன்ல பேசினாதான் உங்களுக்கு ஏறும்னு தெரிஞ்சிருந்தா நானும் ஏதாவது லிஃப்டுல போய் மாட்டிக்கிட்டுக் கூப்பிட்டிருப்பேன். ஓடி வந்திருப்பீங்க."

"அப்படி இல்லம்மா. உள்ள மனுஷங்க மாட்டியிருக்காங்கல்ல."

"நீங்கதான சொல்வீங்க. மாட்டினவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, காத்து வரும், லைட் எரியும், வெளிய நிக்கறவங்களுக்குத்தான் படபடப்புன்னு. அப்புறம் எதுக்கு இந்த ஓட்டம்?"

தொழில் ரகசியத்தை மனைவியிடம் சொன்னால் இதுதான் கதி.

"ஒரு அரை மணி நேரம்," என்றாள் அவள். "என் பக்கத்துல. எந்திரிக்காம. இருந்து காட்டுங்க, அன்னைக்கே பெட்டியோட வர்றேன். முடியலைன்னா பெட்டி இங்கயே இருக்கட்டும். எங்கம்மா ஏற்கெனவே அதுல போர்வையை அடுக்க ஆரம்பிச்சாச்சு."

மாமியார் வீட்டில் உட்காரலாம் என்றால், மாமியாரும் நடுவில் உட்காருவார். ஆகவே அடுத்த தெருவில் இருந்த பூங்கா என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை டூட்டி அவனுடையதுதான் என்பதால் போனை அணைத்து வைக்க வழியில்லை. சட்டைப் பையில் அது தூங்கும் குழந்தை மாதிரி கிடந்தது. எந்த நேரமும் விழித்து அலறலாம்.

இருவரும் மரத்தின் நிழல் எங்கே விழுந்ததோ அங்கே புல்லில் உட்கார்ந்தார்கள். காற்று வந்தது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ம், ஆரம்பம்," என்றாள்.

விசில் சத்தம் கேட்டது.

வந்தவர் பூங்காக் காவலர். சீருடை விறைப்பாக இருந்தது, அவர் அதற்குள் வியர்வையில் தளர்ந்திருந்தார். "எந்திரிங்க. நிழல்ல போய் உட்காருங்க."

"நிழல்லதான சார் உட்கார்ந்திருக்கோம்," என்றான் மெக்கானிக்.

"இது நிழல் இல்லை. அதுதான் நிழல்." காவலர் கை காட்டிய இடத்தில், வெள்ளைக் கோட்டுக்குள், கொளுத்தும் வெயிலில், சிமென்ட் பெஞ்சில் ஒரு குடும்பம் தலைக்கு மேல் கைக்குட்டைகளை விரித்துப் பிடித்தபடி ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

மெக்கானிக் அதைப் பார்த்தான். தன் மடியில் ஆடிக்கொண்டிருந்த இலை நிழலையும் பார்த்தான். "அப்ப இது என்ன சார்?"

காவலர் குனிந்து பார்த்தார். மனசாட்சி உள்ளவர், பார்க்காமல் பதில் சொல்லமாட்டார். "இதுவும் அந்த மாதிரிதான் இருக்கு. ஆனா அங்கீகாரம் இல்லை. இதுல உட்கார்ந்து உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"நிழல்ல உட்கார்ந்தா என்ன சார் ஆகும்?"

"அதை நாங்க இன்னும் ஆராயலை."

மெக்கானிக்கின் மனைவி அவர் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு நரம்பு நல்லா எழும்பி நிக்குது சார். கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்." காவலர் சட்டென்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மறுபடி விசில் ஊதினார். சட்டம் அவர் வாயில் இருந்தது. எழுந்தார்கள்.

"கணக்கு மறுபடியும் மொதல்லருந்து," என்றாள் அவள் நடந்துகொண்டே.

பெஞ்சில் இடம் கிடைத்தது. அந்தக் குடும்பத்தின் தலைவர் அதற்குள் போதுமான அளவு ஓய்வெடுத்துவிட்டு, இருவர் தாங்கிப் பிடிக்க வெளியேறிக்கொண்டிருந்தார். மெக்கானிக் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி மெல்ல உட்கார்ந்தான். மனைவி கைப்பையிலிருந்து குடையை எடுத்து விரித்தாள்.

விசில்.

"குடை கூடாது."

"வெயில் அடிக்குது சார்."

"நிழல்ல எப்படிம்மா வெயில் அடிக்கும்? பலகையைப் படிங்க. ஆணையம் ஒரு நிழல் கொடுத்திருக்கு. அதுக்கு மேல நீங்க இன்னொரு நிழல் போட்டா, கொடுத்த நிழல் சரியில்லைன்னு சொல்ற மாதிரி ஆகுது. நிழலுக்குள்ள நிழல் போடக் கூடாது."

குடை மடங்கியது. மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தான். வாழ்க்கையில் எத்தனையோ மொட்டை மாடிகளில் ஏறி நின்று கொதிக்கும் மோட்டாரைக் கழற்றியிருக்கிறான். அங்கெல்லாம் யாரும் அதை ஓய்வு என்று சொல்லவில்லை. நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை கண்ணில் இறங்கியது. பக்கத்தில் அவள் முந்தானையால் அதை ஒற்றி எடுத்தாள். எடுத்த வேகத்திலேயே, "இதுக்காக இளகிட்டேன்னு நினைக்காதீங்க," என்றாள்.

அப்போதுதான் மகிழ்ச்சி ஆய்வாளர் வந்தார்.

மகிழ்ச்சி ஆய்வாளர் என்பது ஆணையத்தில் உயர்ந்த பதவி. பூங்காவுக்கு வருகிறவர்கள் உண்மையிலேயே பொழுது போக்குகிறார்களா, அல்லது சும்மா வந்துவிட்டுப் போகிறார்களா என்று நேரில் பார்த்து உறுதி செய்வது அவர் வேலை. அந்த வேலையில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் இருவருக்கும் எதிரே வந்து நின்று, முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன பொழுதுபோக்கு நடக்குது இங்க?"

"சும்மா உட்கார்ந்திருக்கோம் சார்."

"உட்கார்றது பொழுதுபோக்கு இல்லை. அது ஒரு நிலை. நாற்காலிகூடத்தான் உட்கார்ந்திருக்கு. ஆணையம் அங்கீகரிச்ச பொழுதுபோக்குன்னா நடத்தல், ஆழமா மூச்சு விடல், கூட்டாகச் சிரித்தல், பூவைப் பார்த்தல். இதுல எது செய்யறீங்க?"

"மூச்சு விடறோம் சார்," என்றான் மெக்கானிக், நம்பிக்கையோடு.

"அது உங்க சொந்த மூச்சு. ஆழம் இல்லை. நான் பார்த்துக்கிட்டேதான வர்றேன்."

"அப்ப பூவைப் பார்க்கறோம்."

"பூ அந்தப் பக்கம் இருக்கு." ஆய்வாளர் காட்டிய திசையில் ஒரு தகரப் பலகையில் பெரிய பூ ஒன்று வரையப்பட்டிருந்தது. நிஜப் பூக்கள் வாடிப்போய் ஆணையத்துக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்ததால் இந்த ஏற்பாடு. "எந்திரிச்சுப் போய் நேரா நின்னு பாருங்க. உட்கார்ந்த இடத்துலருந்து பார்த்தா அது பராக்குப் பார்க்கறது."

மெக்கானிக் மனைவியைப் பார்த்தான். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அவன் சிமென்ட் பெஞ்சை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கை சுட்டது. விடவில்லை.

"எந்திரிக்க மாட்டேன் சார்."

ஆய்வாளர் தன் பணிக்காலத்தில் கேட்டிராத வாக்கியம் இது. பூங்காவில் உட்காராதே என்றால் மீறி உட்காருவார்கள், அதற்கு விதி இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பெஞ்சில் அங்கீகரிக்கப்பட்ட நிழலில் உட்கார்ந்துகொண்டு எழமாட்டேன் என்பவனுக்கு என்ன விதி?

"ஏன் மாட்டீங்க?"

"எந்திரிச்சா என் குடும்பம் போயிடும் சார்."

ஆய்வாளர் மனைவி பக்கம் திரும்பினார். "நீங்க யாரு?"

"நான்தான் அந்தக் குடும்பம்," என்றாள் அவள். பிறகு அவர் முழங்கையைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "இவருக்கு நரம்பு கிடைக்கறது கஷ்டம். தேடணும்," என்று கணவனிடம் சொன்னாள்.

ஆய்வாளர் நிமிர்ந்தார். "இது 'எழ மறுத்தல்'. இதை நான் முடிவு பண்ண முடியாது. இயக்குநர்தான் விசாரிக்கணும். ஞாயிற்றுக்கிழமையும் அலுவலகம் உண்டு. மக்கள் ஓய்வெடுக்கற நாள்ல எங்களுக்கு ஓய்வு கிடையாது. எந்திரிச்சு வாங்க."

"எந்திரிச்சு வர முடிஞ்சா நான் ஏன் சார் எந்திரிக்க மாட்டேன்னு சொல்லப்போறேன்," என்றான் மெக்கானிக் பரிதாபமாக.

நிலைமை முட்டுச் சந்தில் நின்றது. கடைசியில் மனைவிதான் குடையைக் கைப்பையில் திணித்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க போலாம். இது கணக்குல சேராது. இப்ப எனக்கே அந்த இயக்குநரைப் பார்க்கணும் போல இருக்கு."

ஆணையத்தின் அலுவலகம் பூங்காவின் ஓரத்திலேயே உயரமாக நின்றது. ஆய்வாளரும் காவலரும் லிஃப்டில் ஏறினார்கள். மெக்கானிக்கும் ஏறப் போனான். லிஃப்ட் அவனுடைய கம்பெனி லிஃப்டுதான். கதவு மூடும்போது ஒரு முனகல் கேட்பதை அவன் காது தானாகக் குறித்துக்கொண்டது. ஆனால் மனைவி அதற்குள் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். அவள் எங்கே போனாலும் படிதான். உடம்புக்கு நல்லது என்பாள். மூச்சு வாங்க மூன்றாவது மாடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

இயக்குநர் அறைக்கு முன்னால் ஒரு நீண்ட நடை. நடையில் காத்திருப்பவர்களுக்கு ஒரு மர பெஞ்சு. எத்தனையோ வருடம் எத்தனையோ பேர் காத்திருந்து காத்திருந்து வழவழப்பாகித் தேய்ந்த பெஞ்சு, உட்கார்ந்தால் ஆளை மெல்ல வாங்கிக்கொண்டது. பக்கத்தில் பெரிய ஜன்னல். பூங்காவில் கோட்டை மீறிக் கிளம்பிய நிழல் சாயங்காலம் எங்கே போய்ச் சேருகிறது என்பது அங்கேதான் தெரிந்தது. மரத்தின் உச்சிக் கிளைகள் ஜன்னலுக்கு வெளியே ஆட, நிழலும் காற்றும் நேராகப் பெஞ்சின் மேல் வந்து விழுந்தன.

அலுவலக உதவியாளர் வந்தார். "இது அமைதிப் பகுதி. போன் கூடாது." மெக்கானிக்கின் போனை வாங்கி, எதிரே இருந்த குமாஸ்தாவின் மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "இயக்குநர் கூப்பிடற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சா முறை போயிடும்."

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க சார்," என்றாள் அவள்.

"எந்திரிக்கக் கூடாதும்மா. எவ்வளவு நேரமானாலும்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "ம். ஆரம்பம்."

கீழே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. உதவியாளர் பதறிக்கொண்டு கீழே ஓடினார். இயக்குநர் எந்தப் பொத்தானையும் தானே அழுத்துவதில்லை, லிஃப்டில் அவருக்காக அழுத்த ஒரு விரல் வேண்டும். சற்று நேரத்தில் லிஃப்ட் முனகிக்கொண்டு மேலே வருவது கேட்டது. பிறகு ஒரு குலுக்கல். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு உள்ளே இருந்து தட்டும் சத்தம்.

மெக்கானிக்கின் முழங்கால்கள் தாமாக நிமிரத் தொடங்கின. மனைவி ஜன்னலுக்கு வெளியே இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால்கள் மெல்ல மடங்கின.

குமாஸ்தா எழுந்து ஓடினார், கதவிடுக்கில் காதை வைத்தார், திரும்பி ஓடி வந்து மேசைப் போனைச் சுழற்றினார். "இயக்குநர் மாட்டிக்கிட்டாரு. உடனே ஆளை அனுப்புங்க."

கம்பெனியில் சரி என்றார்கள். கம்பெனி டூட்டி மெக்கானிக்கைக் கூப்பிட்டது. குமாஸ்தாவின் டிராயருக்குள் போன் அடிக்க ஆரம்பித்தது.

"என்னய்யா இது, இந்த நேரத்துல," என்று குமாஸ்தா டிராயரை முறைத்தார். "யாரு போன் இது?"

"என்னோடது சார்," என்றான் மெக்கானிக்.

"விடாம அடிக்குது. கொஞ்சம் அடக்குங்க."

"சாவி உங்க உதவியாளர்கிட்ட இருக்கு சார்."

"அவரு லிஃப்டுக்குள்ள இருக்காரு."

"ஆமா சார்."

குமாஸ்தா மறுபடி கம்பெனியைக் கூப்பிட்டுக் கத்தினார். "எடுக்கலையா? மெக்கானிக் போனை எடுக்கலைன்னு சொன்னா என்ன அர்த்தம்? எங்கயாவது கால் நீட்டிப் படுத்துக்கிட்டு இருப்பான். பேசறது கேக்கலை, இங்க ஒரு போன் வேற டிராயர்ல அடிச்சு உயிரை வாங்குது, இருங்க."

மெக்கானிக் வாயைத் திறந்தான். அப்போது மனைவி பேசத் தொடங்கினாள். இலைகளைப் பார்த்தபடியே, தணிந்த குரலில்.

"சிரிக்கக் கூடாது."

அவன் வாயை மூடிக்கொண்டான். காற்று வரும், லைட் எரியும். உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

"எனக்கு லிஃப்டுன்னா பயம்."

டிராயர் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"லிஃப்டா?" என்றான் அவன்.

"லிஃப்டுதான். அஞ்சாவது மாடியில வேலை. கல்யாணமான கொஞ்ச நாள்லருந்து படியிலதான் ஏறிப் போறேன். நீங்க எங்க பில்டிங்குக்கு வந்து எண்ணெய் போட்டுட்டு, உனக்காகவே வெண்ணெய் மாதிரி ஓட விட்டிருக்கேன்னு சொல்வீங்க. அந்த முகத்தைப் பார்த்துட்டு நான் எப்படிச் சொல்றது? லிஃப்ட் மெக்கானிக் பொண்டாட்டிக்கு லிஃப்டுல ஏறப் பயம்னா உங்களை நாலு பேர் என்ன சொல்வாங்க?"

"உடம்புக்கு நல்லதுன்னு சொன்னியே."

"என்ன நல்லது. அஞ்சு மாடி ஏறிட்டு, மூச்சு வாங்கிக்கிட்டே ஊசியைப் பிடிச்சா கை நடுங்குது. அன்னைக்கு ஒரு பெரியவருக்கு மூணு இடத்துல குத்திட்டேன். அவரு திட்டலை. வலிக்கலைம்மான்னாரு. அதான் எனக்குத் தாங்கலை. ஒரே குத்துன்னு பேர் வாங்கினவ நான். வேலையை விட்டுடலாமான்னு கேக்கத்தான் அன்னைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். நீங்க எந்திரிச்சுப் போயிட்டீங்க."

அவன் அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "சின்ன வயசுல எங்கயாவது மாட்டிக்கிட்டியா?"

"நான் எங்க மாட்டினேன்? எல்லாம் உங்களாலதான். தினமும் சாப்பிட உட்காரும்போது இன்னைக்கு யாரு எங்க மாட்டினாங்க, கயிறு எப்படித் தேஞ்சிருந்துச்சு, கதவு எப்படிப் பாதியில நின்னுச்சுன்னு ஒண்ணு விடாம சொன்னா, எவளுக்குத்தான் பயம் வராது?"

அவன் சிரிக்கவில்லை. வாக்குக் கொடுத்திருந்தான். உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, ஜன்னலைப் பார்த்தான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் முதலில் சிரித்தாள். பிறகு அவனும் சிரித்தான். தோளோடு தோள் இடிக்க, நிறுத்த முடியாமல் சிரித்தார்கள்.

இயக்குநருக்காகக் காத்திருந்து பெஞ்சின் மறுமுனையிலேயே தூங்கிவிட்டிருந்த மகிழ்ச்சி ஆய்வாளர் திடுக்கிட்டு விழித்தார். "என்ன சத்தம் இங்க? சிரிக்கிறதுக்குப் பூங்காவுல தனி இடம் இருக்கு. இது அலுவலகம்." இருவரின் முகங்களையும் கூர்ந்து பார்த்தார். அங்கே இருந்தது என்ன என்று அவருக்குப் பிடிபடவில்லை. பார்த்துப் பழக்கமில்லாத ஒன்று. தூசி ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று முடிவு செய்து மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அதன் பிறகும் டிராயர் அடித்தது, குமாஸ்தா கத்தினார், உள்ளே தட்டினார்கள், தட்டுவதை விட்டார்கள். நிழல் பெஞ்சைவிட்டு நகர்ந்து சுவரில் ஏறியது. அவள் கடிகாரத்தைப் பார்க்கவே மறந்துவிட்டாள். ஞாபகம் வந்து பார்த்தபோது அரை மணி எப்போதோ தாண்டியிருந்தது.

"சரி," என்றாள். "போங்க. அந்த மனுஷனை வெளிய எடுங்க."

மெக்கானிக் எழுந்தான். குமாஸ்தாவிடம் போய், "நான்தான் சார் நீங்க தேடற ஆளு," என்றான். குமாஸ்தா கொஞ்ச நேரம் அவனையும் டிராயரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக் மொட்டை மாடிக்கு ஏறி, மோட்டார் அறையில் கையால் சக்கரத்தைச் சுற்றி, லிஃப்டை மூன்றாவது மாடிக்குக் கொண்டுவந்து, கீழே இறங்கிக் கதவை நெம்பித் திறந்தான்.

உள்ளே உதவியாளர் வியர்த்து விறுவிறுத்து, பொத்தான்மேல் விரலை வைத்தபடியே நின்றுகொண்டிருந்தார். இயக்குநர் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. வெளியே வர மனமில்லாமல் வந்தார்.

"சார், இவர்தான் எழ மறுத்தவர்," என்று மகிழ்ச்சி ஆய்வாளர் மெக்கானிக்கைச் சுட்டிக்காட்டினார்.

"நானும்தான் எழலை," என்றார் இயக்குநர். பிறகு நடையில் நின்றிருந்த அத்தனை பேரையும் பார்த்துப் பேசத் தொடங்கினார். மூன்று பேர் கூடினால் அவருக்குப் பேச்சு வந்துவிடும்.

"இத்தனை வருட சேவையில் இப்படி ஒரு ஓய்வு எனக்குக் கிடைத்ததில்லை. வெயில் இல்லை. யாரும் வந்து குறை சொல்லவில்லை. கையெழுத்துக் கேட்கவில்லை. முதலில் தட்டினேன். பிறகு யோசித்தேன், எதற்குத் தட்டுகிறோம், வெளியே போய் என்ன செய்யப் போகிறோம் என்று. யோசித்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. இந்த நிம்மதி மக்களுக்குக் கிடைக்க வேண்டாமா? பூங்காவில் ஒரு லிஃப்ட் வைக்கிறோம்."

"எத்தனை மாடி சார்?" என்றார் குமாஸ்தா.

"மாடி எதற்கு? மக்கள் மேலே போகவா வருகிறார்கள்? மாட்டிக்கொண்டு உட்காரத்தானே." அவர் மெக்கானிக் பக்கம் திரும்பினார். "பராமரிப்பு இவர். ஞாயிற்றுக்கிழமை மாலை டூட்டி. உள்ளே இருந்து அழைப்பு வரும். நீங்கள் வரக் கூடாது. வந்து திறந்துவிட்டால் ஓய்வு கெட்டுப்போகும். அரை மணியானால் கதவு தானாகத் திறந்துகொள்ளட்டும். ஆனால் பக்கத்தில் எங்காவது இருக்க வேண்டும்."

"இருந்து என்ன சார் செய்யணும்?"

"ஒன்றும் செய்யக் கூடாது. அதைச் சரியாகச் செய்யுங்கள்."

உதவியாளர் டிராயரைத் திறந்து போனைக் கொடுத்தார். கிளம்பும்போது லிஃப்ட் கதவு அகலத் திறந்து, விளக்கெரிய, ஒரு முனகலும் இல்லாமல் காத்திருந்தது. மெக்கானிக் அதைத் தாண்டிப் படிப்பக்கம் நடந்தான்.

"சரி பண்ணிட்டீங்கல்ல, அதுல போகலாமே," என்றாள் மனைவி, குரல் கொஞ்சம் இறங்க.

"அது பாட்டுக்கு இருக்கட்டும். உனக்கு ஒரு நாள் நான் மோட்டாரைக் காட்டறேன். கயிறு எத்தனைன்னு நீயே எண்ணிப் பாரு. அப்புறம் தோணினா ஏறு. தோணலைன்னா காலையில கொஞ்சம் முன்னாடி கிளம்பலாம், நானும் கூட ஏறி வர்றேன். மேல போய் மூச்சு அடங்கினப்புறம் ஊசியைத் தொடு."

முதல் திருப்பத்திலேயே அவள் படியில் உட்கார்ந்தாள். அவனும் உட்கார்ந்தான். பிறகு எழுந்து போய் மாமியார் வீட்டிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டார்கள். உள்ளே இரண்டு போர்வைகள் கூடுதலாக இருந்தன. மாமியார் திருப்பிக் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் பூங்காவுக்குப் போனால், வெள்ளைக் கோட்டுக்குள், கொளுத்தும் வெயிலில், பளபளவென்று ஒரு லிஃப்ட் நிற்பதைப் பார்க்கலாம். மக்கள் வரிசையில் நின்று உள்ளே போகிறார்கள், கதவு மூடுகிறது, சற்று நேரத்தில் தட்டுகிறார்கள். தட்டுவது மகிழ்ச்சியின் வெளிப்பாடு என்று ஆய்வாளர் பதிவு செய்திருக்கிறார். மரத்தின் நிஜமான நிழலில், புல்லில், மெக்கானிக்கும் மனைவியும் உட்கார்ந்திருப்பார்கள். காவலர் விசிலை வாய்க்குக் கொண்டுபோய்விட்டு, ஞாபகம் வந்து இறக்கிக்கொள்வார். டூட்டியில் இருப்பவர் எந்த நிழலில் இருக்க வேண்டும் என்பதை ஆணையம் இன்னும் ஆராயவில்லை.

அவன் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டிருக்கும்.

"டூட்டி முடிஞ்சுதா?" என்பாள் அவள்.

"எங்க, இன்னும் அடிச்சுக்கிட்டேதான இருக்கு."

"அப்ப உட்காருங்க."